புதுப் பெட்டி, பழைய டிவி: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

தோ பாயோ பிள்ளை

தீபாவளிக்கு அம்மாவுக்கு, இணையம் வழியாக டிவியில் படம் பார்க்க ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். பண்டிகை முடிந்து மூன்று வாரமாகிவிட்டது. அம்மா இன்னும் அதில் ஒரு படம்கூடப் பார்த்தபாடில்லை.

டிவி 2014-இல் வாங்கியது. அந்தக் காலத்தில் வீட்டில் 4கே டிவி என்றால் பக்கத்துப் புளோக்கிலிருந்துகூட வந்து பார்ப்பார்கள். அப்பா ஆசைப்பட்டு வாங்கி, தானே அளவெடுத்துச் சுவரில் மாட்டவைத்தது. அப்பா இப்போது இல்லை. அதனால் டிவியை மாற்றலாமா என்று கேட்டாலே அம்மாவுக்கு முகம் வாடிவிடும்.

பெட்டியை மாட்டியதும் முகப்புத் திரை பளிச்சென்று வந்தது. யூடியூப் ஓடியது. கட்டணச் செயலிக்குள் போய் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து ஓகே அழுத்தினால் மட்டும் திரை கறுத்துவிடுகிறது. சில நேரம் ஏதோ எண்ணோடு ஒரு பிழைச் செய்தி. மூன்று கேபிள் மாற்றிவிட்டேன். அதே பெட்டியை செங்காங்கில் என் வீட்டு டிவியில் செருகினால் ஒழுங்காக ஓடுகிறது.

வாங்கிய கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "டிவி போயிடுச்சு அங்கிள், இப்போ 55 இன்ச் மலிவா இருக்கு" என்றார். நம் தமிழ்ச் சேனல் வசந்தம் அதே டிவியில் கண்ணாடி மாதிரி வருகிறது. போன டிவியில் எப்படி வரும்?

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? தீர்வு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கதையையாவது சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா

தம்பி, எங்கள் வீட்டில் பெட்டி இல்லை, டிவியின் பின்னால் செருகும் ஸ்டிக். இரண்டு மாதம் பாடாய்ப் படுத்தியது. படம் தொடங்கிச் சரியாகப் பத்து நிமிடத்தில் அணைந்து, மறுபடி லோகோ வந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கும். வீட்டுக்காரர் வைஃபை மேல் பழி போட்டார். ரௌட்டரை மாற்றினோம். நான் ஸ்டிக்கின் மேல் பழி போட்டேன். கடைக்காரரும் பாவம், வேறொன்று மாற்றிக் கொடுத்தார். அதுவும் அப்படியே.

கடைசியில் பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்கா மகன் வந்து பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். ஸ்டிக்குக்கான மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுத்திருந்தோம். பிளக் பாயின்ட் ஒன்று மிச்சம் என்று நான்தான் அப்படிச் செய்தேன். பழைய டிவியின் யுஎஸ்பி துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் கொடுக்குமாம், அதாவது இரண்டரை வாட். மெனு பார்க்க அது போதும். படம் ஓட ஆரம்பித்து ஸ்டிக் மூச்சு வாங்கும்போது போதாது. அதோடு வந்த சார்ஜர் பெட்டிக்குள்ளேயே பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்து மூன்று பின் சுவிட்சில் மாட்டினோம், அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை.

அவனே இன்னொன்றும் சொன்னான். பெட்டிக்குள் விரல் நீளத்துக்கு ஒரு குட்டி எச்டிஎம்ஐ கேபிள் இருக்கும், எல்லாரும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஸ்டிக்கை டிவியின் முதுகோடு ஒட்டிச் செருகினால் வைஃபை சிக்னலை டிவியே மறைத்துவிடும். அந்தக் குட்டிக் கேபிள் ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைப்பதற்கு.

உங்கள் பிரச்சினை இது இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பொங்கோல் மருமகள்

நீங்கள் படம் வரவில்லை என்கிறீர்கள். எங்கள் வீட்டில் யாரும் தொடாமலே டிவி வந்தது.

நடுராத்திரி மூன்று மணிக்கு வரவேற்பறை முழுக்க நீல வெளிச்சம். முதல் நாள் பிள்ளைகள் வேலை என்று நினைத்தேன். நான்கு நாள் கழித்து மறுபடியும். அது சீனர்களின் ஏழாம் மாதம், பேய்கள் உலவும் என்று நம்பும் மாதம் வேறு. கீழே புளோக்கைச் சுற்றி ஊதுபத்தியும் காகிதம் எரித்த சாம்பலுமாக இருக்கிறது. பணிப்பெண் இனி வரவேற்பறைப் பக்கம் தூங்க மாட்டேன் என்று அழுகிறாள். மாமியார் பேசாமல் டிவி நெற்றியில் திருநீறு இழுத்துவிட்டார்.

காரணம் புதுப் பெட்டி. அது இராத்திரியில் தானாக விழித்து அப்டேட் போடுகிறது. விழிக்கும்போது எச்டிஎம்ஐ கேபிள் வழியாக "நான் வந்துவிட்டேன்" என்று டிவிக்குத் தகவல் அனுப்புகிறது. டிவியும் எழுந்துவிடுகிறது. ஒரே ரிமோட்டில் எல்லாவற்றையும் இயக்குவதற்காக வைத்த வசதி. பொதுப்பெயர் சிஇசி. ஆனால் டிவி மெனுவில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறது: அனிநெட் பிளஸ், சிம்ப்லிங்க், பிராவியா சிங்க், ஈசிலிங்க். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு சனிக்கிழமை போனது.

அணைத்தேன், பேய் போய்விட்டது. ஆனால் இப்போது சவுண்ட்பாரைத் தனி ரிமோட்டில் போட வேண்டியிருக்கிறது. திருநீறு இன்னும் இருக்கிறது, மாமியார் துடைக்க விடவில்லை.

ஜூரோங் 741

புது டிவி வாங்கிவிட்டுப் போங்கள் சார். பத்து வருஷ டிவிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? இங்கே சிங்கப்பூரில் 2021 ஜூலையிலிருந்து புதியதை வீட்டுக்குக் கொண்டுவரும் கடை பழையதை இலவசமாக எடுத்துப் போக வேண்டும் என்று விதியே இருக்கிறது.

பழைய டெக்னீசியன்

ஜூரோங் தம்பி சொல்வது சட்டப்படி சரி, ஆனால் நல்ல டிவி அது. நான் பதினெட்டு வருடம் டிவி ரிப்பேர் செய்தவன். கடைசி ஐந்தாறு வருடத்தில் என்னிடம் "போய்விட்டது" என்று வந்ததில் பாதி போகவே இல்லை.

தோ பாயோ தம்பி, நடப்பது இதுதான். கேபிளைச் செருகியதும் பெட்டி டிவியிடம் இரண்டு விஷயம் விசாரிக்கும். முதலாவது, உன் திரை எவ்வளவு, எந்த வேகம், என்ன நிறம், என்ன ஒலி உனக்குத் தெரியும் என்பது. டிவி தன்னிடம் எழுதி வைத்திருக்கிற ஒரு சீட்டைக் காட்டும். சில டிவிகள் அந்தச் சீட்டில் இல்லாததை இருப்பதாக எழுதி வைத்திருக்கும், அது தனிக்கதை. இரண்டாவது விசாரணை பூட்டைப் பற்றியது. கட்டணப் படங்களை யாரும் நடுவில் பதிவு செய்துவிடக் கூடாது என்று பூட்டி அனுப்புவார்கள். எச்டிசிபி என்று பெயர். டிவியிடம் அதே பூட்டுக்கான சாவி இருந்தால்தான் படம் திறக்கும். முகப்புத் திரைக்கும் பெரும்பாலான யூடியூப் வீடியோக்களுக்கும் அந்தக் கெடுபிடி இல்லை. அதனால்தான் உங்களுக்கு அவை வருகின்றன.

4கே படத்துக்கு 2.2 என்ற புதிய பூட்டு. உங்கள் டிவி வாங்கிய சமயம்தான் அது மெல்ல வர ஆரம்பித்த காலம். அப்போது வந்த சில டிவிகளில் நான்கு எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஒன்றில் மட்டும் புதிய சாவி வைத்திருப்பார்கள். மற்றதெல்லாம் பழைய 1.4. வெளியே பார்த்தால் நான்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். துளைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும், கைப்பேசி வெளிச்சம் அடித்துப் படியுங்கள். இந்தச் சாவி பெரும்பாலும் சிப்பிலேயே இருக்கும். மென்பொருள் அப்டேட் போட்டு வாங்க முடியாது.

எந்தத் துளையிலும் இல்லையென்றால், பெட்டியின் அமைப்பில் படத் தரத்தை 4கே-யிலிருந்து 1080பி என்று இறக்கிவிடுங்கள். அதற்குப் பழைய பூட்டே பல செயலிகளுக்குப் போதும். எட்டடி தள்ளி உட்காரும் அம்மாவுக்கு வித்தியாசம் தெரிந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

நடுவில் சவுண்ட்பார் வழியாகப் போகிறதா என்றும் பாருங்கள். டிவியிடமும் பெட்டியிடமும் சாவி இருந்தும், இடையில் நிற்கும் பழைய சவுண்ட்பாரிடம் இல்லாமல் எல்லாம் கறுத்துப்போன வீடுகள் நான் பார்த்திருக்கிறேன்.

கிரிக்கெட் பிசாசு

என் கதை வேறு. படம் வருகிறது, ஒலி வருகிறது, பந்து மட்டும் குதித்துக் குதித்துப் போகிறது. பேட்ஸ்மேன் அடித்த பிறகு பந்தைத் தேட வேண்டியிருக்கிறது. இணைய வேகம் 1 ஜிபி. அதைக் குறை சொல்ல முடியாது.

இந்தியாவிலிருந்து வரும் ஆட்டம் பெரும்பாலும் நொடிக்கு 50 படம் (ஃபிரேம்) அல்லது 25. என் பெட்டி எல்லாவற்றையும் 60-ஆக மாற்றி டிவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 50-ஐ 60-இல் சமமாகப் பங்கு போட முடியாதே. சில படங்கள் இரண்டு முறை வரும், அந்த இடத்தில்தான் பந்து தடுக்குகிறது. சினிமா நொடிக்கு 24 படம், அங்கும் கேமரா மெதுவாகத் திரும்பும்போது இதே தடுக்கல்தான். பெட்டி அமைப்பில் படத்தின் வேகத்துக்கு ஏற்ப மாறு என்று ஒரு வரி இருந்தது. அதைப் போட்டேன். பந்து இப்போது ஒழுங்காக ஓடுகிறது. விலை என்னவென்றால், ஒவ்வொரு முறை மாறும்போதும் டிவி இரண்டு நொடி கறுத்து விழிக்கும். இருபது ஓவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. எங்கள் அணி விளையாடும் லட்சணத்துக்கு அந்த இரண்டு நொடி ஓய்வு தேவைதான்.

ஜூரோங் 741

சரி, நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேலே "புது டிவி வாங்குங்கள்" என்று சொன்னவன் நான்தான். அப்படி வாங்கி ஏமாந்தவனும் நான்தான்.

சில வருடம் முன்பு ஒரு கடையில் "வாழ்நாள் முழுக்க எல்லாச் சேனலும் இலவசம்" பெட்டி ஒன்று வாங்கினேன். விலையைக் கேட்காதீர்கள். நெட்ஃபிளிக்ஸுக்கு முறையாகக் காசு கட்டி அதில் போட்டேன், முகமெல்லாம் மாவு பூசியது போல் மங்கல். டிவிதான் காரணம் என்று நினைத்து 65 அங்குலம் வாங்கினேன். மங்கல் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

பெட்டிக்கு முறையான சான்றிதழ் இல்லையாம். வைட்வைன் என்று ஒரு பாதுகாப்பு, அதில் எல்1 என்ற மேல்நிலை இருந்தால்தான் எச்டி. என்னுடையதில் எல்3. அதற்கு 480பி என்ற மங்கல் தரத்துக்கு மேல் கொடுக்க மாட்டார்கள், எந்த டிவியில் மாட்டினாலும் சரி. அந்த இலவசச் சேனல்களும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. 2021 பதிப்புரிமைச் சட்டம் வந்த பிறகு அப்படிப்பட்ட பெட்டியை விற்பதே குற்றம், கடைக்காரரிடம் போய்க் கேட்கவும் வழியில்லை. பழைய டிவியைக் கடைக்காரர்களே எடுத்துப் போனார்கள். இப்போது நினைத்தால் அது நன்றாகத்தான் இருந்தது.

பிடோக் தாத்தா

எனக்குப் படம் வந்தது, சத்தம் வரவில்லை. மகன் கல்யாண வீடியோ டிஸ்கிலிருந்து எடுத்தது. மேளம் கொட்டுகிறது, கேட்கவில்லை. பெட்டியில் ஒலி அமைப்பை பிசிஎம் என்று மாற்றினான் பேரன். கேட்டது. டிவிக்கு டிடிஎஸ் என்ற ஒலி தெரியாதாம், பெட்டி அந்த ஒலியை மாற்றாமல் அப்படியே டிவிக்குத் தள்ளிவிட்டதாம். இதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை.

தோ பாயோ பிள்ளை

டெக்னீசியன் அண்ணே, உங்கள் பெயரை மாற்ற வேண்டாம்.

நேற்று மச்சானைக் கூட்டிக்கொண்டு போய் டிவியைச் சுவரிலிருந்து இறக்கினோம். அம்மா கூடவே நின்று "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னால் பத்து வருடத் தூசு. துடைத்துவிட்டு வெளிச்சம் அடித்தால் மூன்றாவது துளைக்குப் பக்கத்தில் நீங்கள் சொன்ன மாதிரியே பொடி எழுத்தில் 2.2 என்று இருக்கிறது. அந்த ஒரு துளையில்தான் வசந்தம் பார்க்கும் டிஜிட்டல் பெட்டி இருந்தது. 2018 கடைசியில், பழைய அலைவரிசை நிற்கப்போகிறது என்றதும் அவசரமாக வாங்கி, கைக்கு எட்டிய துளையில் நானே செருகியது. அந்தப் பெட்டிக்கு எந்தத் துளையாக இருந்தாலும் போதும்.

இரண்டையும் இடம் மாற்றினேன். முதல் முயற்சியிலேயே படம் ஓடியது. கடைத் தம்பியிடம் காட்ட வேண்டும் போல இருந்தது, ஆனால் போகவில்லை.

இரவு பதினோரு மணிக்கு அம்மாவிடமிருந்து போன். "டேய், வசந்தம் காணோம்." இத்தனை வருடமும் மூன்றாவது இடத்தில் இருந்தது இப்போது முதலாவதில் இருக்கிறது. அம்மாவின் விரலுக்கு அது தெரியவில்லை. இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் இறங்கி, ரிமோட்டின் பின்னால் டேப் ஒட்டி "1 வசந்தம், 3 படம்" என்று எழுதிவிட்டு வந்தேன்.

உட்லண்ட்ஸ் அக்கா

டேப் எழுத்து ஒரு மாதத்தில் அழிந்துவிடும் தம்பி. நெயில் பாலிஷால் எழுதுங்கள்.