‘எண்ணூர்’ தேடினால் எல்லாம் வருகிறது, ‘திருவொற்றியூர்’ தேடினால் பாதிதான் வருகிறது. ஏன்?

தண்டையார்பேட்டைக்காரன்:
வணக்கம். வடசென்னை பற்றிய பழைய தாள்களை நாங்கள் சிலர் ஸ்கேன் செய்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரு திறந்த மின்களஞ்சியமாக வைத்து வருகிறோம். பின்னி ஆலைத் தொழிலாளர் துண்டறிக்கைகள், கோயில் திருவிழா அழைப்பிதழ்கள், எண்ணூர் முகத்துவாரத்து மீனவர்கள் நோட்டில் எழுதிவைத்த நண்டு, இறால் கணக்கு எல்லாம் உண்டு. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், தேடல் நாங்களே எழுதியது.

எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலை ஆற்றின் உப்புத்தன்மையை அளக்கும் கல்லூரி மாணவர்கள் தங்கள் அளவீடுகளை மீனவர் கணக்கோடு ஒப்பிட வந்தபோதுதான் கோளாறு தெரிந்தது. ‘எண்ணூர்’, ‘காசிமேடு’, ‘வியாசர்பாடி’ சரியாக வருகின்றன. ‘கொசஸ்தலை’, ‘கொருக்குப்பேட்டை’, ‘திருவொற்றியூர்’ தேடினால் பாதிப் பதிவுகள் விடுபடுகின்றன. விடுபட்ட பதிவைத் திறந்தால் சொல் பிழையில்லாமல் கண்ணெதிரே நிற்கிறது! தேடல் அட்டவணையை (இண்டெக்ஸ்) மறுபடி உருவாக்கியும் பயனில்லை.

சர்வர் காவலன்:
விடை உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. வராத பெயர்கள் எல்லாவற்றிலும் ஒரு ‘கொ’ அல்லது ‘வொ’ உண்டு. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. தரவுத்தளத்துக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதைதான்.

கிடைத்த பதிவிலிருந்து ஒரு ‘கொ’, கிடைக்காததிலிருந்து ஒரு ‘கொ’ எடுத்துப் பைத்தான் நிரல்மொழியில் நீளம் பாருங்கள். ஒன்று 2, மற்றது 3 என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். தலைப்புகளை எங்கிருந்து ஏற்றினீர்கள்?

தண்டையார்பேட்டைக்காரன்:
2, 3 என்றே வருகிறது ஐயா. பாதித் தலைப்புகளைக் கோப்புப் பெயர்களிலிருந்து எடுத்தோம். அந்தக் கோப்புகள் நண்பர் ஒருவரின் பழைய மேக் கணினியில் இருந்தவை.

சர்வர் காவலன்:
அங்கேதான் பிரிந்திருக்கின்றன. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவத்திலேயே சேமிக்கும். எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கென்றே ‘நார்மலைஸ்’ என்ற செயற்கூறு உள்ளது. காப்பு நகல் எடுத்துக்கொண்டு பழைய பதிவுகளை மாற்றுங்கள். இனி உள்ளே வருவதையும், தேடுபவர் தட்டும் சொல்லையும் அதே சல்லடையில் போடுங்கள். தேடும் சொல்லைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற நூலகர்:
தம்பி, தலைப்போடு நின்றுவிடாதீர்கள். பிடிஎஃப் ஒன்றைத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப்பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் நின்றால் என்எஃப்சி உதவாது, வரிசையே தவறு. ஆங்கில எழுத்துக் குப்பையாக விழுந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோத்தது. அதற்கு எழுத்துரு மாற்றி வேண்டும். இரண்டுக்கும் பொதுவான வழி, பக்கத்தைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளில் மறுபடி எழுத்துணரச் செய்வது. ஆனால் துணைக்காலைச் சில இடங்களில் ‘ர’ என்று அது படித்துவிடலாம். ஊர்ப்பெயர்களையாவது ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கொசஸ்தலையைக் கொற்றலையாறு என்றும் எழுதியிருப்பார்கள். ராயபுரம், இராயபுரம் இரண்டும் வரும். அச்சில் உள்ளதைத் திருத்தாதீர்கள், அது ஆவணம். மாற்றுப் பெயர்களுக்குத் தனிப் புலம் வையுங்கள்.

பெரம்பூர் மாணவி:
சொந்த மென்பொருளோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? மின்களஞ்சியங்களுக்கென்றே உள்ள டிஸ்பேஸ் மென்பொருளுக்கு மாறிவிடலாமே. 2002 முதல் இருக்கிறது, இலவசம்தான். ஓஏஐ-பிஎம்எச் என்ற பதிவுப் பரிமாற்ற நெறிமுறை வழியாகப் பிற நூலகங்கள் உங்கள் பதிவுகளைத் தாமே அறுவடை செய்துகொள்ளும், அதாவது நகலெடுத்துக்கொள்ளும்.

சர்வர் காவலன்:
மாறலாம், ஆனால் சுத்தம் செய்த பிறகு. இப்போதே திறந்துவிட்டால் அறுவடை செய்பவர் உங்கள் உடைந்த ‘கொ’வையும் சேர்த்தே எடுத்துப்போவார். பிறகு இங்கே திருத்தினாலும், மறுபடி அறுவடை செய்யும்வரை அவரிடம் பழையதுதான் இருக்கும். நான்கைந்து பேர் டிஸ்பேஸைப் பராமரிப்பது சுமை என்பது என் எண்ணம். மாணவர்களின் உப்பு அளவீடுகளை மட்டும் ஸெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு மையம் 2013 முதல் நடத்துவது; கட்டணமில்லை, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம். ஒவ்வொரு பதிப்புக்கும் டிஓஐ என்ற தனி நிலையான அடையாள எண் கிடைப்பதால், ஆய்வுக் கட்டுரையில் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினோம் என்று சுட்டலாம்.

தண்டையார்பேட்டைக்காரன்:
மாற்றிவிட்டோம். கொசஸ்தலை முழுதாக வருகிறது. நூலகர் அம்மா சொன்னபடி பிடிஎஃப்களைத் தனியே பிரித்துக்கொண்டிருக்கிறோம். அழைப்பிதழ்களில் ‘ஸ்ரீ’ மட்டும் இன்னும் பாதிதான் வருகிறது. இதுவும் அதே கோளாறா?

சர்வர் காவலன்:
இல்லை. சிலர் அதை ‘ஸ’வில் தொடங்குவார்கள், சிலர் 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்குவார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும், ஆனால் என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது. தேடலுக்கு ஒரு தனி நகல் வைத்து, அதில் மட்டும் எல்லாவற்றையும் ‘ஸ’வாக மாற்றுங்கள். மூலத்தைத் தொட வேண்டாம்.