ஜிபிஇ பணம் கல்வி அமைச்சகத்துக்கு நேரே போகாதது ஏன்?

கேள்வி: ஏழை நாடுகளின் பள்ளிகளுக்கு ஜிபிஇ (கல்விக்கான உலகளாவிய கூட்டாண்மை, Global Partnership for Education) தரும் மானியம் உலக வங்கி, யுனிசெஃப் வழியாகப் போவது ஏன்? 'மல்டிப்ளையர்' என்ன கணக்கு?

பதில் 1: ஜிபிஇ-க்கு அந்தந்த நாட்டில் அலுவலகம் கிடையாது. 2002-ல் தொடங்கி, 2011-ல் இப்போதைய பெயருக்கு மாறிய கூட்டு நிதியம் அது. அமைச்சகம், நன்கொடையாளர்கள், ஆசிரியர் சங்கங்கள் எல்லாம் உட்காரும் உள்ளூர் கல்விக் குழு பேசி, பணத்தைக் கையாள உலக வங்கி, யுனிசெஃப் போன்ற ஒரு மானிய முகவரைத் தேர்ந்தெடுக்கும். டெண்டர், தணிக்கை அந்த முகவர் விதிப்படிதான். இழுபறி இங்கேதான்: பாடநூல் டெண்டர் இரண்டு மாதம் தள்ளினால் கல்வியாண்டே தொடங்கிவிடும், புத்தகம் அச்சகத்தில் கிடக்கும்.

பதில் 2: மல்டிப்ளையரில், வெளியிலிருந்து புதிதாக 3 டாலர் திரட்டினால் ஜிபிஇ 1 டாலர் சேர்க்கும். 1.5 கோடி டாலர் கடன் வாங்கினால் 50 லட்சம், நாட்டுக்கான உச்சவரம்புக்குள். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பணத்தைக் காட்டினால் செல்லாது. விண்ணப்பம் இதில் அடிபடலாம்.

பதில் 3: அரசு தன் செலவில் 20% கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்ற ஜிபிஇ இலக்கையும் பாருங்கள். கடன் தவணையைக் கழித்த செலவில்தான் அந்த 20%. வட்டியே வருமானத்தை விழுங்கும் நாட்டில் சதவீதம் அழகாக இருக்கும். சம்பளம் போக சாக்பீஸுக்குக்கூட மிஞ்சாது.