மட்டக்களப்பு: தாழமுக்க அலாரம் வெயில் நாளிலும் அடிக்குது, உதவுங்கோ

வணக்கம். இஎஸ்பி8266 என்ற சின்னக் கணினிப் போர்டில் காற்றமுக்கம் அளக்கிற பிஎம்பி280 சென்சர் பூட்டி, தாழமுக்கம் வந்தால் அலாரம் அடிக்கிற மாதிரி ஒன்று செய்தேன். கல்லடியில் இருந்து கடலுக்குப் போகிற மாமாவுக்காக. காற்றமுக்கம் 3 மணித்தியாலத்தில் 2 ஹெக்டோபாஸ்கல் (அமுக்கத்தின் அலகு) இறங்கினால் அடிக்கும். ஆனால் வெயில் எரிக்கிற நாளிலும் பின்னேரம் அடிக்கிறது. இரண்டு கிழமையாக இதே கதை. நேற்றுக் காலை 10 மணிக்கு 1011.8, பின்னேரம் 4 மணிக்கு 1008.3, இரவு 10 மணிக்குத் திரும்ப ஏறிவிட்டது.

சென்சரை மாற்றினேன், அதேதான். போனில் உள்ள அமுக்கமானியும் கூடவே இறங்குகிறது. கூரைத் தகட்டுச் சூடோ என்று கிணற்றடி நிழலில் வைத்தும் பார்த்தாயிற்று. பிறகுதான் வெப்பவலயத்தில் அமுக்கம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் என்று படித்தேன். குளிர்நாட்டுக்காரரின் 3 மணித்தியாலக் கணக்கு இங்கே எடுபடாது போல. 24 மணித்தியாலச் சராசரி போட்டதும் அலாரம் நின்றது, ஆனால் உண்மையான இறக்கமும் பிந்தித்தான் தெரியும். 1978 சூறாவளியைக் கண்ட அம்மம்மா, "அதுக்குள்ள கூரை போயிடும்" என்கிறா.

ஐப்பசி முடியப் போகிறது. இனி முந்தின நாள் இதே நேரத்து அளவோடு ஒப்பிட யோசிக்கிறேன். அந்த வித்தியாசம் எத்தனை ஹெக்டோபாஸ்கல் தாண்டினால் அலாரத்தை அடிக்க விடலாம்?