முதுகெலும்பு எம்.ஆர்.ஐ.யில் "டிபி போல" என்று வந்துவிட்டால், சி.டி. பயாப்ஸி (சி.டி. பார்த்து ஊசியால் திசு எடுப்பது) எதற்கு?

வார்டு_டியூட்டி:
ஒரு நோயாளிக்கு இடுப்பு முதுகெலும்புல எல்3–எல்4 டிஸ்க் கரைஞ்சிருக்கு, ரெண்டு எண்ட்பிளேட்டும் (டிஸ்கை ஒட்டின எலும்புப் பரப்பு) அரிச்சிருக்கு, வலது சோயாஸ்ல (முதுகெலும்பை ஒட்டின தசை) சின்ன சீழ்க்கட்டி. ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டற ரத்தப் பரிசோதனை) 90, விட்டு விட்டு காய்ச்சல், கால் பலம் குறையல. ரிப்போர்ட்ல "டிபிக்கு வாய்ப்பு அதிகம்". இப்படிப்பட்டவருக்கு நேரா டிபி மருந்து ஆரம்பிக்கலாமா, இல்ல சி.டி. பார்த்து ஊசியால திசு எடுத்தே ஆகணுமா? எடுத்தா எங்கிருந்து எடுக்கறது? கல்ச்சர்ல (கிருமியை வளர்த்துப் பார்க்கறதுல) பாதிக்குப் பாதி "வளர்ச்சி இல்லை"ன்னுதானே வருது, அப்புறம் என்ன பயன்?

ஊசிமுனை:
எடுத்தே ஆகணும். டிஸ்க் தப்பிச்சிருந்தா டிபி, சீக்கிரமே கரைஞ்சா மத்த பாக்டீரியான்னு பாடத்துல இருக்கும். படத்துல ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துதான் வரும். புரூசெல்லா (கால்நடைகிட்டேர்ந்து தொத்தற பாக்டீரியா), பூஞ்சை எல்லாம் கூட இதே வேஷம் போடும். டிபின்னே இருந்தாலும், முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா அடங்காதான்னு எந்த ஸ்கேனும் சொல்லாது. ஒரு வருஷ மருந்தை அதை நம்பி ஆரம்பிக்க முடியாது.

ஆனா ஊசிக்கு முன்னாடி ரத்த கல்ச்சர், வேற வேற இடத்துல குத்தி ரெண்டு செட். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் (சீழ் பிடிக்க வைக்கற பாக்டீரியா) அதுலயே வளர்ந்துட்டா பயாப்ஸி பெரும்பாலும் தேவைப்படாது. நோயாளி நிலையா இருக்கற வரைக்கும் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி வைங்க. ஏற்கெனவே போயிருந்தா, முடிஞ்சா ஒண்ணு ரெண்டு வாரம் இடைவெளி விடுங்க. லீவோஃப்ளாக்சசின், லினசோலிட், அமிகாசின் மூணும் டிபி கிருமியையும் அமுக்கிடும். "வளர்ச்சி இல்லை" வர்றதுக்கு இது ஒரு பெரிய காரணம். செப்சிஸ் (தொற்றால உடம்பே ஆபத்துக்குப் போற நிலை) இருந்தாலோ கால் பலம் குறைய ஆரம்பிச்சாலோ இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது.

உங்க கேஸ்ல முதல் குறி சோயாஸ் சீழ். 18 கேஜ் ஊசி போதும், தண்டுவடத்துக்கு ரொம்ப தள்ளி இருக்கு. அதோட நிறுத்தாம எலும்பும் எடுங்க: 11 அல்லது 13 கேஜ் (எண் குறைஞ்சா ஊசி தடிமன்), பெடிக்கிள் (முள்ளெலும்போட பின்பக்க எலும்புத் தூண்) வழியா, அரிச்ச எண்ட்பிளேட்டோட ஓரமும் அதை ஒட்டின டிஸ்கும். சி.டி.ல கெட்டியா வெள்ளையா தெரியற எலும்புல எதுவும் கிடைக்காது, நடுவுல இருக்கற செத்த கூழும் ஏமாத்தும். உறிஞ்சினா வறண்டு வந்தா, பதப்பொருள் சேர்க்காத சலைன் 2–3 மில்லி விட்டு திரும்ப இழுங்க. மரத்துப்போக வைக்கற லிக்னோகெய்னை எலும்புச் சவ்வு வரைக்கும் தாராளமா போடலாம், குறிக்குள்ள மட்டும் போகக்கூடாது. அதுவே கிருமி வளர்ச்சியைத் தடுக்கும்.

ஐ.என்.ஆர். (ரத்தம் உறையறதைக் காட்டற அளவு) 1.5-க்குக் கீழ, பிளேட்லெட் 50,000-க்கு மேல இருக்கணும். ரத்தம் கட்டாம தடுக்கற குளோபிடோக்ரெல் 5 நாளாவது நிறுத்தணும், இதயத்துல ஸ்டென்ட் இருந்தா கார்டியாலஜியைக் கேட்காம கை வைக்காதீங்க.

லேப்_ஜன்னல்:
மேலே சொன்னதெல்லாம் சரியாக நடந்தும் மாதிரி வீணாவது பாட்டிலில்தான். பயாப்ஸி என்றாலே ட்ரேயில் ஃபார்மலின் (திசுவைப் பதப்படுத்தும், கிருமியைக் கொல்லும் திரவம்) பாட்டில் மூடி திறந்து தயாராக நிற்கும். எடுத்த எல்லாத் துண்டும் அதற்குள் விழுந்துவிட்டால் கல்ச்சரை மறந்துவிடலாம். மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஒன்றிரண்டு துண்டு மட்டும் ஃபார்மலினுக்கு. மீதி ஸ்டெரைல் டப்பாவில், காயாமல் இருக்க சில சொட்டு சலைன் விட்டு. காஸ் துணியில் சுற்றி அனுப்பாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். சீழை ஸ்வாபில் தொட்டு அனுப்புவதும் வேண்டாம், சிரிஞ்சோடு வரட்டும்.

கேட்க வேண்டிய பரிசோதனைகள்: கிராம் ஸ்டெயின் (பாக்டீரியாவுக்கான சாயம்), ஏரோபிக், அனேரோபிக் (காற்றோடும் காற்றில்லாமலும் வளர்ப்பது), பூஞ்சை கல்ச்சர்கள், டிபிக்கு எம்.ஜி.ஐ.டி. (திரவ கல்ச்சர்), சிபிநாட் (டிபி கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடுவது). சிபிநாட்டை மிஷினில் ஏற்றினால் இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பும் தெரிந்துவிடும், எம்.ஜி.ஐ.டி. எதிர்மறை என்று சொல்ல 42 நாள். எலும்பு டிபியில் கிருமி குறைவு என்பதால் சிபிநாட் நெகட்டிவ் என்பதை வைத்து டிபி இல்லை என்று எழுதக்கூடாது. அமிலத்தில் ஊறி சுண்ணாம்பு நீக்கிய எலும்பில் டி.என்.ஏ. சிதைந்திருக்கும், ஏ.எஃப்.பி. ஸ்டெயினும் (டிபி கிருமிக்கான சாயம்) சரியாகப் பிடிக்காது. அதனால் சிபிநாட்டுக்குத் தனித் துண்டு.

புரூசெல்லா சந்தேகம் இருந்தால் படிவத்தில் பெரிதாக எழுதுங்கள். கல்ச்சர் பிளேட்டை நாங்கள் கூடுதல் நாள் வைப்போம் என்பது ஒரு பக்கம். தெரியாமல் திறந்து முகர்ந்தால் லேப் ஆளுக்கே தொற்றும் என்பது இன்னொரு பக்கம்.

வார்டு_டியூட்டி:
நன்றி சார். எல்லாம் அனுப்பியும் கல்ச்சர், சிபிநாட் ரெண்டுமே நெகட்டிவ்னா?

ஊசிமுனை:
அப்பதான் ஃபார்மலின்ல போன துண்டு பேசும். சீஸ் மாதிரி நெக்ரோசிஸோட (செத்த திசுவோட) கிரானுலோமா (தற்காப்பு செல்கள் சேர்ந்த முடிச்சு) இருந்தா டிபி பக்கம் சாயலாம். வெறும் கிரானுலோமான்னா புரூசெல்லாவும் பூஞ்சையும் இன்னும் பட்டியல்ல இருக்கு. நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு) குவிஞ்சிருந்தா சாதாரண சீழ்த்தொற்று. தொற்றுன்னு நினைச்சுக் குத்தினதுல மைலோமாவோ (எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்) வேற இடத்துலேர்ந்து பரவின புற்றுநோயோ வெளிவர்றதும் உண்டு.

பேத்தாலஜியும் (ஃபார்மலின் துண்டோட ரிப்போர்ட்) கைவிரிச்சா, இன்னொரு தடவை, முதல்ல எடுக்காத இடத்துலேர்ந்து எடுங்க. அதுவும் வெறுமையா வந்தா எண்டோஸ்கோப்பி வழியாவோ திறந்தோ எடுக்கச் சொல்லி ஸ்பைன் சர்ஜனைக் கேளுங்க, திசு கூடுதலா கிடைக்கும். ரெண்டாவது தடவை அனுப்பும்போது படிவத்துல கடைசி ஆன்டிபயாட்டிக் டோஸ் எது, என்னைக்குன்னு எழுதிடுங்க.

லேப்_ஜன்னல்:
முதல் தடவையே எழுதினால் நல்லது. அந்தக் கட்டம் எப்போதும் காலியாகத்தான் வருகிறது.