கம்போடியாவில் 12 நாளில் 15 பயோசாண்ட் வடிகட்டி: முடியுமா?

சிவில்_மூன்றாமாண்டு:
வணக்கம். கல்லூரியிலிருந்து 8 பேர் மே மாதம் கண்டால் மாகாணத்துக் கிராமம் ஒன்றுக்குப் போகிறோம். குளத்து நீரும் குழாய்க்கிணற்று நீரும் குடிக்கும் 15 வீடுகளுக்கு பயோசாண்ட் வடிகட்டி (மணலும் அதில் வளரும் உயிர்ப்படலமும் நீரைச் சுத்தமாக்கும் கான்கிரீட் பெட்டி) செய்து தரத் திட்டம். கையில் ஒரே ஒரு இரும்பு அச்சு. எதில் கவனம் வேண்டும்?

சல்லடை:
கணக்கு உதைக்கிறது. ஒரு அச்சில் நாளுக்கு ஒரு பெட்டிதான் வார்க்க முடியும். மறுநாள் கழற்றி, ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விட்டுக் கசியும். அப்படியானால் 12 நாளில் 4 பெட்டிதான் தேறும்.

அதைவிட வேலை தின்பது மணல். ஆற்று மணலில் அழுக்கும் கிருமியும் இருக்கும். உடைத்த கல்மணல் நல்லது. 0.7 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். அதிகம் கழுவினால் பொடி போய்த் தண்ணீர் வேகமாக இறங்கும், குறைவாகக் கழுவினால் அடைத்துக்கொள்ளும். பெட்டியில் முதலில் தண்ணீர், பிறகு மணல். மாற்றிப் போட்டால் காற்று சிக்கிக்கொள்ளும். மேல்தொட்டி நிறைந்திருக்கும்போது நிமிடத்துக்கு 400 மி.லி.க்கு மேல் வரக் கூடாது. தண்ணீர் நின்றபின் மணலுக்கு மேல் 5 செ.மீ. நிற்க வேண்டும். வெளிக்குழாயில் ஹோஸ் மாட்ட யாரையும் விடாதீர்கள்: அது நீரை இழுத்து மணலைக் காயவைத்துவிடும், கிருமி தின்னும் உயிர்ப்படலம் செத்துவிடும்.

ஈரமண்:
அதற்கும் முன்னால் ஒன்று. கண்டாலில் பல குழாய்க்கிணறுகளில் ஆர்சனிக் உண்டு. நிறமோ மணமோ காட்டாது, கொதிக்கவைத்தாலும் போகாது, இந்த வடிகட்டியிலும் நிற்காது. சோதிக்காத கிணற்று நீரை வடிகட்டிக் கொடுத்தால் நஞ்சை நல்ல நீரென்று நம்பவைத்ததாகிவிடும். உலக சுகாதார நிறுவன வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், கம்போடியாவில் 50. குளத்து நீரைத் தெளியவைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

மாதமும் சரியில்லை. மே மாதம் மழை தொடங்கும், வீடுகளில் ஜாடிகளில் மழைநீர் பிடித்துக் குடிப்பார்கள். வடிகட்டியில் 48 மணி நேரத்துக்கு மேல் ஊற்றாமல் விட்டால் படலம் பட்டுப்போகும். அது முதிரவே 30 நாள் வரை ஆகும். நீங்கள் அதற்குள் கிளம்பியிருப்பீர்கள். அதுவரை வடித்த நீரைக் கொதிக்கவைத்தோ குளோரின் போட்டோதான் குடிக்க வேண்டும்.

சிவில்_மூன்றாமாண்டு:
டிசம்பருக்கு மாற்றிக் கேட்கிறோம். 4 பெட்டி மட்டும் செய்தால் மீதி 11 வீடு?

சல்லடை:
உள்ளூர்க் கொத்தனார் ஒருவரை முதல் நாளிலிருந்தே கூலி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சையும் சல்லடையையும் அவரிடமே விட்டு வாருங்கள், மீதியை அவர் வார்ப்பார். 30 நாள் கழித்து வீடுவீடாகப் போய்த் தண்ணீர் வடியும் வேகம் அளக்க ஊர்க்காரர் இருவருக்கும் கூலி ஒதுக்குங்கள்; விமானச் செலவில் ஓர் ஆளைக் குறைத்தாலே அந்தப் பணம் கிடைக்கும்.