மைபௌம கோட்டை விட்டது நான்தான்

ஜெர்மனில முனிச்ல வாடகை கட்டுப்படியாகாம கொஞ்சம் தெக்கால ஒரு கிராமத்துல போய் இருந்தேன், ஒரு சர்ச், ஒரு பேக்கரி, மிச்சமெல்லாம் மாடு. அங்க மே 1 அன்னிக்கு ஊர் நடுவுல மைபௌம் நடுவாங்க, பட்டை சீவின நெட்ட மரம், வெள்ளையும் நீலமும் சுத்திச் சுத்தி பெயிண்ட் அடிச்சிருக்கும். நடறதுக்கு முன்னாடி பக்கத்து ஊர்க்காரன் வந்து திருடிட்டுப் போவான், அடிதடி இல்லாம மரத்துக்கு சேதம் இல்லாம எடுத்தா அது வழக்கம்னு விட்டுருவாங்க, பீரும் சாப்பாடும் குடுத்துத்தான் மீட்கணும். 2004ல சுக்ஷ்பிட்ச மலை உச்சில இருந்ததையே ஹெலிகாப்டர் வச்சு தூக்கிட்டானுங்கன்னா பாத்துக்கோங்க.

நடற வரைக்கும் மரம் ஷெட்ல இருந்துச்சு, ராத்திரி காவலுக்கு என்னையும் போட்டாங்க. கூட இருந்தவர் வயிறு சரியில்லன்னு வீட்டுக்குப் போயிட்டார். மூணு மணி இருக்கும், நாலு பேர் வந்தாங்க, செர்வுஸ்னு, அதாவது அந்த ஊர் வணக்கம், சொல்லி கை குடுத்தாங்க, அடுத்த ஷிஃப்ட் நாங்கதான் நீ போய்த் தூங்குன்னாங்க. நானும் டாங்க, அதான் நன்றி, சொல்லி, மிச்சம் இருந்த பிளாஸ்க் காபியையும் குடுத்துட்டு வந்துட்டேன்!! அந்தப் பக்கத்து பவேரியன் பேச்சு ஊருக்கு ஊர் மாறுமாம், கேட்டவுடனே கண்டுபிடிச்சிருக்கலாமாம். நம்ம காதுக்கு எல்லாம் ஒண்ணுதானேங்க.

காலைல ஷெட் காலி. பேச்சுவார்த்தை நடந்துச்சு, ரெண்டு பேரல் பீரும் வயிறார சாப்பாடும்னு முடிவாச்சு. என்னை யாரும் திட்டல, அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. திருடினவங்களே பேண்ட் வாசிச்சுட்டு கொண்டு வந்து, நடறதுக்கும் கை குடுத்தாங்க. கிரேன் கிடையாது, ரெண்டு ரெண்டு கம்பா நுனில கட்டி கத்திரிக்கோல் மாதிரி முட்டுக் குடுப்பாங்க, அதுக்கு ஷ்வால்பன்னு பேரு. ஒருத்தர் ஹௌ ருக்னு கத்துவார், நம்ம ஐலசாவேதான். ஒவ்வொரு ஹௌ ருக்குக்கும் ஒரு ஜாண் ஏறும், அப்புறம் இன்னும் நீளமான கம்பு. என் உள்ளங்கைல கொப்புளம் வெடிச்சு ஒரு வாரம் சோறு பிசைய முடியல.

---

நாங்க இருக்கறது கொலோன் பக்கம், இங்க கதையே வேற. ஏப்ரல் 30 ராத்திரி பசங்க தனக்குப் புடிச்ச பொண்ணு வீட்டு வாசல்ல பிர்ச் மரம் கட்டிட்டுப் போவாங்க, கலர் கலரா க்ரேப் பேப்பர் தொங்கும். எங்க மாடி வீட்ல ஒரு பொண்ணு இருக்கு, மரத்த கட்டினது எங்க கார் பார்க் பண்ற எடத்துக்கு நேர் மேல இருக்கற பைப்ல, விடியக்காலைல மழை வேற, எங்க வெள்ளைக் கார் பூரா ரோஸ் கலர் ஒழுகிடுச்சு. என் வீட்டுக்காரருக்கு கோவம்னா கோவம். ஒரு மாசம் கழிச்சு மரத்த எடுக்க வந்த பையன் பாவம், காரையும் கழுவிக் குடுத்துட்டுப் போனான். பொண்ணோட அம்மா கேக் குடுத்தாங்க, அப்பா ஒரு கேஸ் பீர் குடுத்தார், வழக்கமே அப்படித்தானாம். லீப் வருஷம்னா மாறும், 2024ல பொண்ணுங்க போய் பசங்க வீட்ல கட்டினாங்க.

---

முதல்ல எழுதின அண்ணா, அதுக்கப்புறம் உங்கள காவலுக்கு கூப்பிட்டாங்களா? 😄

---

கூப்பிட்டாங்கப்பா. ஆனா பக்கத்துல எழுபது வயசு தாத்தா ஒருத்தர உக்கார வச்சுட்டாங்க, யார் வந்து செர்வுஸ் சொன்னாலும் அவர்தான் பதில் சொல்வார், நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு கண்டிஷன்.