1692 சேலம் சூனிய வழக்கு: சின்னப் பொண்ணுங்க பேச்சுக்கு ஊரே எப்படி ஆடுச்சு?

மழைக்குருவி:
அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் சேலத்துல நடந்த சூனிய வழக்கு பத்தி ரெண்டு வாரமா படிச்சிட்டு இருக்கேன், ஒரு விஷயம் மட்டும் புரியவே மாட்டேங்குது. பியூரிட்டன்ங்கற கறாரான கிறிஸ்தவங்க ஊர்ல பாதிரியாரும் நிலபுலன் உள்ள ஆம்பளைங்களும் வச்சதுதான் சட்டம், சர்ச்சுல யார் எந்த பெஞ்சுல உக்காரணும்ங்கறது கூட அந்தஸ்து பாத்துதான். அப்படிப்பட்ட ஊர்ல பாதிரியார் சாமுவேல் பாரிஸோட மக பெட்டிங்கறவளுக்கு 9 வயசு, அவர் வீட்டுல இருந்த சொந்தக்காரப் பொண்ணு அபிகெயிலுக்கு 11, இவங்க உடம்ப முறுக்கி அலற ஆரம்பிச்சு, அடுத்தடுத்து நாலஞ்சு பொண்ணுங்க சேந்து, கடைசில 19 பேர தூக்குல போட்டிருக்காங்க. வாயே தொறக்கக் கூடாத புள்ளைங்களுக்கு இவ்ளோ பவர் எங்கருந்து வந்துச்சு?

திண்ணைவாசி:
பவர் புள்ளைங்களோடது இல்லங்க. புகார்ல கையெழுத்து போட்டது யாருன்னு பாருங்க, முதல் புகார் குடுத்தது 4 ஆம்பளைங்க, அதுல தாமஸ் புட்னமும் அவர் தம்பி எட்வர்டும் உண்டு, தாமஸோட 12 வயசு பொண்ணு ஆனும் அலறினவங்கள்ல ஒருத்தி. பாரிஸுக்கு சம்பளம் குடுக்கணுமா வேணாமான்னு ஊரு அதுக்கு முன்னாடியே ரெண்டுபட்டு கிடந்துச்சு, புட்னம் குடும்பம் பாரிஸ் பக்கம். முதல்ல மாட்டினது யாரு? பாரிஸ் வீட்டு அடிமை டிடூபா, வீடு வீடா பிச்சை கேட்ட சாரா குட், படுத்த படுக்கையா கிடந்த சாரா ஆஸ்பர்ன். கேக்க நாதியில்லாத மூணு பேரு. சாரா குட்டோட மக டோரதிக்கு 4 வயசு இருக்கும், அவளையும் விலங்கு மாட்டி ஜெயில்ல வச்சாங்க, அத படிச்சப்போ ரெண்டு நாள் எனக்கு வேற எதுவும் ஓடல.

கடலோரம்:
திண்ணைவாசி சொல்றது சரி, ஆனா சாட்சிய எப்படி எடுத்தாங்கன்னும் பாக்கணும். "அவ உருவம் ராத்திரி வந்து என்ன கிள்ளுச்சு"ன்னு ஒரு பொண்ணு சொன்னா அது கோர்ட்டுல சாட்சி, நீங்க அன்னிக்கு பத்து மைல் தள்ளி தூங்கிட்டு இருந்தேன்னு நிரூபிச்சாலும் பிரயோஜனம் இல்ல, வந்தது உருவம் தானே. ஆமா நான் சூனியக்காரிதான்னு ஒத்துக்கிட்டவங்க பெரும்பாலும் தப்பிச்சாங்க, இல்லன்னு நின்னவங்க செத்தாங்க, ஒத்துக்கிட்டவங்கள வேற யாரெல்லாம் கூட்டுன்னு கேட்டு குடைவாங்க, அப்படியே லிஸ்ட் வளந்துச்சு. 71 வயசு ரெபெக்கா நர்ஸ ஜூரி முதல்ல குற்றவாளி இல்லன்னு தான் சொன்னாங்க, பொண்ணுங்க கத்தினதும் தலைமை நீதிபதி ஸ்டவுட்டன் திரும்ப யோசிங்கன்னு அனுப்பிட்டாரு, ஜூலை 19 தூக்கு. அந்தக் கிழவி சாவுக்கு அலறல விட பெரிய காரணம் ஸ்டவுட்டன்தான்னு நான் சொல்லுவேன்.

மழைக்குருவி:
அப்போ எப்படி நின்னுச்சு?

திண்ணைவாசி:
பேரு மேல ஏற ஆரம்பிச்சதும் நின்னுச்சு. கவர்னர் பிப்ஸ் சம்சாரம் பேரே அடிபட ஆரம்பிச்சுது, பெரிய பாதிரியார் இன்க்ரீஸ் மேதரும் உருவ சாட்சிய மட்டும் வச்சு தண்டிக்காதீங்கன்னு எழுதினாரு, அக்டோபர்ல பிப்ஸ் அந்த கோர்ட்ட கலைச்சிட்டாரு. பிச்சைக்காரி தொங்கறப்போ யாருக்கும் வராத சந்தேகம் அப்பதான் வந்துச்சு. நீதிபதிகள்ல சாமுவேல் சீவல் 1697ல சர்ச்சுல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு தப்ப ஏத்துக்கிட்டாரு. ஆன் புட்னம் 1706ல மன்னிப்பு கேட்டா, அப்போ கையெழுத்து போட்ட அவ அப்பன் செத்து 7 வருஷம் ஆச்சு. ஸ்டவுட்டன் கடைசி வரைக்கும் கேக்கல, 1694லருந்து பெரும்பாலும் அவருதான் கவர்னர் பொறுப்புல இருந்தாரு.